யூஜி கேபிள்ல சைஸ் மாறுற ஜாயின்ட்: 25 ஸ்கொயரோட 10 ஸ்கொயரைச் சேக்குறது எப்படி

மெயின் போர்டுல இருந்து மோட்டார் ரூமுக்கு மண்ணுக்குள்ள போற கேபிள் (யூஜி, அதாவது அண்டர்கிரவுண்ட் கேபிள்) ஒரு இடத்துல நின்னு போச்சு, இல்ல ஜேசிபி வாய்க்கால் தோண்டும்போது அறுத்துடுச்சு, இல்ல கிணத்துல தண்ணி வத்தி தள்ளி ஒரு போர் போட்டதால லைனை அங்க வரைக்கும் நீட்டணும். கையில இருக்கிற கேபிளோ வேற சைஸ். கடைக்காரர் "சேத்துக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி அனுப்பிடுவார். சேக்கலாம், அது உண்மைதான், ஆனா நாலு கம்பியை முறுக்கி டேப் சுத்தி மண்ணைத் தள்ளிட்டு வர்றதுக்குப் பேரு ஜாயின்ட் இல்ல. வயரிங் வேலை ஓரளவு தெரிஞ்சு, யூஜி கேபிள்ல மட்டும் இதுவரைக்கும் கை வைக்காதவங்களுக்காக இதை எழுதுறேன். வயரிங்கே தெரியாதுன்னா பி லைசன்ஸ் வச்சிருக்கிற வயர்மேனைக் கூப்பிடுங்க, இதைப் படிச்சிட்டு பக்கத்துல நின்னு அவர் சரியா செய்றாரான்னு பாத்துக்கலாம். போஸ்ட்ல இருந்து மீட்டர் வரைக்கும் இருக்கிறது ஈபியோடது, அந்தப் பக்கம் கையே கொண்டு போகாதீங்க.

பேச ஒரு கேஸ் வேணும். நம்ம ஊர் தோட்டங்கள்ல அடிக்கடி வர்ற ஒண்ணையே எடுத்துக்கலாம். ஏற்கனவே மண்ணுல கிடக்கிறது மூன்றரை கோர் (ஃபேஸுக்கு மூணு கம்பி, நியூட்ரலுக்கு அதை விட ஒல்லியா ஒண்ணு) 25 ஸ்கொயர் எம்எம் அலுமினியம், பிவிசி இன்சுலேஷன், ஆர்மர்டு (வெளி உறைக்கு அடியில இரும்புக் கவசம் போட்டது), 250 மீட்டர். அதோட இப்ப சேக்கப் போறது நாலு கோர் 10 ஸ்கொயர் அலுமினியம் ஆர்மர்டு, 50 மீட்டர். கடைசியில மோட்டார் ரூம்ல 10 ஹெச்பி மோட்டார், ரெண்டு விளக்கு, ஒரு தட்டு வெட்டுற மெஷின். மெயின் போர்டுல 63 ஆம்ப்ஸ் எம்சிசிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழுற பிரேக்கர்) இருக்கு.

முதல்ல, மண்ணுக்குள்ள ஜாயின்ட் போட்டே ஆகணுமா

என்னைக் கேட்டா சைஸ் மாறுற இடத்துல தரைக்கு மேல ஒரு பில்லர் பாக்ஸ் வச்சிடுறதுதான் நல்லது. ரெண்டு கேபிளையும் கீழ இருந்து மேல ஏத்தி, ரெண்டுக்கும் அதது சைஸுக்கு கிளான்ட் (கேபிளைப் பாக்ஸோட புடிச்சு நிறுத்துற பிடி) போட்டு, உள்ள பஸ்பார்லயோ டெர்மினல்லயோ லக்ஸ் அடிச்சு முறுக்கிட்டா வேலை முடிஞ்சது. சின்ன கேபிளுக்குத் தனியா ஒரு எம்சிசிபி அந்தப் பாக்ஸ்லயே வச்சுக்கலாம், நாளைக்கு ஃபால்ட் வந்தா ரெண்டு பக்கத்தையும் கழட்டித் தனித்தனியா மெகர் பண்ணலாம் (இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாக்குறது), கிரிம்பிங் (டூலால அமுக்கிப் பொருத்தினது) லூஸா இருந்தா கண்ணுல தெரியும். மண்ணுக்குள்ள போட்டா இது எதுவும் கிடையாது. வரப்பு ஓரம், வேலி ஓரம், மரத்தடின்னு வண்டி இடிக்காத இடம் கிடைச்சா பாக்ஸ்தான் வைங்க, டிராக்டர் ஓட்டுற நடு வயல்லயோ வழியிலயோ ஜாயின்ட் வந்து விழுந்தா மட்டும் இதுக்குக் கீழ எழுதியிருக்கிற வேலைக்கு வாங்க.

இன்னொண்ணு, அறுந்த கேபிளுக்கு ஒட்டு போடுறதா இருந்தா நடுவுல ஒரு துண்டு விட வேண்டி வரும், ஏன்னா அறுந்த ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு எட்டாது. அப்ப ஜாயின்ட் ஒண்ணு இல்ல, ரெண்டு. அந்தத் துண்டுக்காவது அதே சைஸ் தேடிப் புடிங்க, 5 மீட்டர் துண்டுல மிச்சம் பிடிக்கப் போய் மொத்த லைனோட கெபாசிட்டியையும் குறைச்சுக்காதீங்க.

கணக்கு பாக்காம கட்டிங் பிளேயரைத் தொடாதீங்க

சைஸ் மாறுற ஜாயின்ட்ல நிறைய பேரு ஃபெரூல் (ரெண்டு பக்கக் கம்பியையும் சொருகி அமுக்கிச் சேக்குற குழாய்) கிடைக்குமா கிடைக்காதான்னுதான் கவலைப்படுறாங்க, ஆனா அதை விடப் பெரிய விஷயம் மெயின் போர்டுல இருக்கிற எம்சிசிபி. பிவிசி அலுமினியம் கேபிள் மண்ணுக்குள்ள எவ்வளவு கரண்ட் தாங்கும்னு கேட்டலாக் பாத்தா 25 ஸ்கொயருக்கு சுமாரா 76 ஆம்ப்ஸ், 10 ஸ்கொயருக்கு 46 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கும். 25 மட்டும் இருந்த வரைக்கும் 63 ஆம்ப்ஸ் எம்சிசிபி சரி. 10 ஸ்கொயர் சேந்த நிமிஷத்துல இருந்து அது சரி கிடையாது, லைன்ல 60 ஆம்ப்ஸ் ஓடினாக்கூட எம்சிசிபி சும்மா பாத்துக்கிட்டு இருக்கும், சின்ன கேபிள் மண்ணுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும். அதனால 40 ஆம்ப்ஸுக்கு இறக்கணும். 10 ஹெச்பி மோட்டார் ஃபுல் லோடுல 17 ஆம்ப்ஸ் அளவுல எடுக்கும், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தா 40 தாராளமா போதும்.

"நான் ஓவர்லோடே பண்ண மாட்டேன், அப்புறம் எதுக்கு மாத்தணும்"னு ஒரு கேள்வி வரும். ஷார்ட் சர்க்யூட் ஆனா என்ன நடக்கும்னு பாருங்க. மோட்டார் ரூம்ல ஒரு ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கிச்சுன்னு வைங்க. 25 ஸ்கொயர் அலுமினியம் கிலோமீட்டருக்கு 1.20 ஓம், மூன்றரை கோர்ல அந்த அரை கோர், அதாவது நியூட்ரல், 16 ஸ்கொயர், அது 1.91 ஓம், 10 ஸ்கொயர் 3.08 ஓம். 250 மீட்டருக்கு ஃபேஸ் 0.30, நியூட்ரல் 0.48, அடுத்த 50 மீட்டருக்குப் போக வர 0.31, மொத்தம் 1.09 ஓம். 230 வோல்ட்டை அதால வகுத்தா சுமாரா 210 ஆம்ப்ஸ் வரும், கம்பி சூடாயிட்டா இன்னும் குறையும். ஷார்ட் ஆகியும் வெறும் 210! 63 ஆம்ப்ஸ் எம்சிசிபிக்கு அது மூணே கால் மடங்குதான், டக்குன்னு விழாது, யோசிச்சு யோசிச்சு விழும், அதுக்குள்ள 10 ஸ்கொயரோட பிவிசி உருகி முடிஞ்சிருக்கும். 40 போட்டா அஞ்சு மடங்குக்கு மேல, அது சீக்கிரம் விழும். தூரம் போகப் போக ஃபால்ட் கரண்ட் குறையும்கிற இந்த விஷயம் வீட்டு வயரிங் மட்டும் பாத்தவங்களுக்குப் புதுசா இருக்கும், தோட்டத்துல இதுதான் முக்கியமான விஷயம்.

வோல்டேஜ் டிராப்பையும் அதே கையோட போட்டுடுங்க. 17 ஆம்ப்ஸ் த்ரீ ஃபேஸ்னா ரூட் மூணால பெருக்கி 29.4. 25 ஸ்கொயர்ல 250 மீட்டருக்கு 8.8 வோல்ட், 10 ஸ்கொயர்ல வெறும் 50 மீட்டருக்கே 4.5 வோல்ட். மொத்தம் 13 வோல்ட் சொச்சம், 415ல 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, ஓகேதான். ஆனா கவனிச்சீங்களா, மொத்த நீளத்துல ஆறுல ஒரு பங்கு இருக்கிற சின்ன கேபிள் டிராப்புல மூணுல ஒரு பங்கை எடுத்துக்குது. இதே 10 ஸ்கொயரை 200 மீட்டர் இழுத்தா அது மட்டுமே 18 வோல்ட் தின்னுடும், சாயங்காலம் ஈபி வோல்டேஜே 380க்கு வர்ற ஊர்ல மோட்டார் எடுக்கவே எடுக்காது.

வாங்க வேண்டியது

ஜாயின்ட் கிட் ரெண்டு விதமா கிடைக்கும், ஹீட் ஷ்ரிங்க், இல்லன்னா ரெசின் ஊத்துறது. ஹீட் ஷ்ரிங்க்ல டியூபைக் கேபிள் மேல மாட்டி கேஸ் டார்ச்சால சூடு காட்டிச் சுருக்கணும், கை பழகினவங்களுக்கு அது வேகம். புதுசா பண்றவங்க டார்ச்சை ஒரே இடத்துல காட்டி இன்சுலேஷனைக் கருக்கிடுவாங்க, இல்ல பாதி சுருங்கினதும் போதும்னு விட்டுடுவாங்க. சைஸ் மாறுற ஜாயின்ட்டுக்கு, அதுவும் முதல் தடவை பண்றதுக்கு, ரெசின்தான் என் சாய்ஸ். காரணம், அதோட பிளாஸ்டிக் மோல்டுக்கு ரெண்டு முனையும் படி படியா இருக்கும், கேபிள் எவ்வளவு தடிமனோ அந்தப் படியில அறுத்துக்கலாம், இந்தப் பக்கம் தடி கேபிள் அந்தப் பக்கம் ஒல்லி கேபிள்னு அதுக்குக் கவலையே இல்ல. கிட் வாங்கும்போது ரெண்டு சைஸையும் சொல்லி, ரெண்டுமே அதோட ரேஞ்சுக்குள்ள வருதான்னு அட்டைப் பெட்டியில பாத்து வாங்குங்க. எக்ஸ்பயரி தேதியும் பாருங்க, ரெசினுக்கு ஆயுசு உண்டு.

அடுத்தது கனெக்டர். 25க்கு 10 ரெட்யூசிங் ஃபெரூல் மூணு, நியூட்ரலுக்கு 16க்கு 10 ஒண்ணு. இதை மறந்துட்டு நாலும் ஒரே சைஸா வாங்கிட்டு வந்து குழியில உக்காந்து முழிக்காதீங்க. கிடைக்கலன்னா போல்ட் வச்ச மெக்கானிக்கல் கனெக்டர் கேளுங்க, ஒரே கனெக்டர் பல சைஸ் எடுக்கும், போல்ட்டை முறுக்க முறுக்க சரியான டார்க் வந்ததும் தலை தானா ஒடிஞ்சு விழுந்துடும். விலை ஜாஸ்தி, ஆனா கிரிம்பிங் டூல் வாடகை மிச்சம், சைஸ் மாறுற வேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டு கேபிளும் அலுமினியமா இருக்கிற வரைக்கும் அலுமினியம் ஃபெரூல் போதும். ஒண்ணு காப்பர் ஒண்ணு அலுமினியம்னா பைமெட்டல் ஃபெரூல்தான், நடுவுல அடைப்பு இருக்கிறதா பாத்து வாங்குங்க. காப்பரையும் அலுமினியத்தையும் நேரா சேத்து மண்ணு ஈரத்துல விட்டா அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிச்சுப் போயிடும்.

மத்தபடி ஹேக்சா பிளேடு, கத்தி, வயர் பிரஷ், அலுமினியத்துக்குத் தடவுற ஜாயின்டிங் காம்பவுண்ட், பைண்டிங் வயர், அரம், உப்புத்தாள், மெகர், டெஸ்ட் லேம்ப். ஆர்மரை இணைக்க ஈயம் பூசின காப்பர் பிரைடு (பின்னின பட்டை வயர்), ஸ்டீல் ரிங், ஜூபிளி கிளிப், இதெல்லாம் நல்ல கிட்ல கூடவே வரும், சீப் கிட்ல வராது. பெட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க.

சப்ளையைக் கொல்றது

மெயின் ஆஃப், ஃபியூஸ் இருந்தா புடுங்கி உங்க பாக்கெட்ல, பெட்டிக்குப் பூட்டு, சாவியும் உங்க கிட்ட. தோட்டத்துல இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ஆள் ஒருத்தர் குழியில இருக்கும்போது "கரண்ட் வந்துருச்சே, மோட்டார் ஏன் ஓடல"ன்னு வீட்டுல இருந்து யாராவது வந்து போட்டு விட்டுடுவாங்க. ஆட்டோ ஸ்டார்ட்டரை மேனுவல்ல வைங்க. அந்தப் பக்கம் ஜெனரேட்டர், சோலார் ஏதாவது இருக்கான்னு கேட்டு அதையும் கழட்டுங்க, இல்லன்னா பின்பக்கமா சப்ளை வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேபிளும் அதே டிரெஞ்ச்ல ஓடுறது உண்டு, ரெண்டும் கறுப்பு, ரெண்டும் ஒரே தடிமன், எது உங்களுதுன்னு கண்ணால சொல்ல முடியாது. ரெண்டு முனையையும் கழட்டி, ஒரு முனையில கோரையும் ஆர்மரையும் ஷார்ட் பண்ணி, மறுமுனையில கன்டினியூட்டி பாத்து உறுதி பண்ணிக்கோங்க. அறுக்குறதுக்கு முன்னாடி டெஸ்ட் லேம்பை எரியுற ஒரு பாயின்ட்ல வச்சு அது நல்லா இருக்கான்னு பாருங்க, அப்புறம் கேபிள்ல பாருங்க, மறுபடி எரியுற பாயின்ட்ல பாருங்க. டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை இந்த வேலைக்கு நம்பாதீங்க.

குழி, கேபிள் முனை

குழி நல்லா அகலமா, ஒரு ஆள் முட்டி போட்டு உக்காந்து வேலை செய்ற மாதிரி இருக்கணும். ஆழம், எல்டி (லோ டென்ஷன்) கேபிளுக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 1255 சொல்றது 75 சென்டிமீட்டர், வண்டி போற பாதைக்குக் குறுக்கன்னா 1 மீட்டர். ரெண்டு பக்கமும் கேபிளைக் கொஞ்சம் வளைச்சு மிச்சம் விட்டு வைங்க, மண்ணு இறங்கினாலும் ஜாயின்ட் இழுபடாது, பின்னால வெட்டித் திருப்பிப் போட வேண்டி வந்தாலும் நீளம் இருக்கும். வளைக்கும்போது கேபிள் தடிமனைப் போல 12 மடங்குக்குக் குறையாத ரேடியஸ். மேல ஒரு தார்ப்பாய் கட்டிக்கோங்க. மழை தூறினா வேலையை நிறுத்திடுங்க.

இப்ப பழைய கேபிள் முனை. வெட்டிப் பாத்தா அலுமினியம் பளபளன்னு இருக்கணும். கம்பிகளுக்கு நடுவுல வெள்ளைப் பொடி, கறுப்பு, ஈரம் எது இருந்தாலும் உள்ள தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம், சுத்தமான கம்பி வர்ற வரைக்கும் அரை மீட்டர், ஒரு மீட்டர்னு பின்னாடி வெட்டிக்கிட்டே போங்க. அறுந்து ஒரு மழைக்காலம் பூரா கிடந்த கேபிள்னா நிறையவே வெட்ட வேண்டி வரும். சுத்தமானதும் ரெண்டு கேபிளையும் தனித்தனியா மெகர் பண்ணுங்க, ஜாயின்ட் போட்ட அப்புறம் ஃபால்ட் காட்டினா தப்பு கேபிள்லயா ஜாயின்ட்லயான்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

ஆர்மரை அறுக்குறது, இதுதான் கை நடுங்குற வேலை

கிட் கூட ஒரு தாள் வரும், எத்தனை மில்லிமீட்டர் வெளி ஷீத்தை (மேல் உறையை) உரிக்கணும், எத்தனை ஆர்மரை விடணும்னு. அந்த அளவை அப்படியே டேப் ஒட்டி மார்க் பண்ணுங்க. வெளி ஷீத்தைச் சுத்திக் கத்தியால முக்கால் ஆழம் கீறி, நீளவாக்குல ஒரு கீறல் போட்டு உரிச்சா வந்துடும். ஆர்மர் தெரியும். தடி கேபிள்ல பட்டையா இருக்கும், ஒல்லி கேபிள்ல பட்டையாவும் இருக்கலாம், உருண்டைக் கம்பியாவும் இருக்கலாம். வெட்டற இடத்துக்குப் பக்கத்துல பைண்டிங் வயரை இறுக்கிச் சுத்திட்டு, ஹேக்சாவால ஆர்மரைப் பாதி ஆழம் மட்டும் சுத்தி வர அறுங்க. முழுசா அறுத்தா பிளேடு உள் ஷீத்தைத் தாண்டி கோர் இன்சுலேஷன்ல இறங்கிடும், அது கண்ணுக்கே தெரியாது, ஆனா மெகர்ல ஒரு நாள் தெரியும். பாதி அறுத்த கம்பியை ஒவ்வொண்ணா புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா அந்த இடத்துலயே பட்டுன்னு ஒடிஞ்சு வரும். ஒடிஞ்ச முனை முள்ளு மாதிரி நிக்கும், அரத்தால தேச்சு விடுங்க, கையைக் கிழிக்கும்.

உள் ஷீத்தையும் உரிச்சு, கோர்களைப் பிரிச்சு, நடுவுல இருக்கிற ஃபில்லரை வெட்டி எடுத்துட்டா முனை ரெடி. மறக்காம ரெண்டு கேபிளோட வெளி ஷீத்தையும் கடைசி 5, 6 சென்டிமீட்டர் உப்புத்தாளால சொரசொரப்பாத் தேய்ங்க, பளபளப்பான பிவிசி மேல ரெசின் புடிக்காது, அந்த இடைவெளி வழியாத்தான் தண்ணி உள்ள போகும்.

கோர் சேக்குறது

கலர் பாத்து சேக்கணும், சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு நியூட்ரல். ஃபேஸ் ரெண்டு மாறினா மோட்டார் தலைகீழா சுத்தும், தண்ணி வரும் ஆனா கம்மியா வரும், போர்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு மோட்டாரை மேல தூக்கிடுவீங்க. நியூட்ரல் மாறினா மோட்டார் ரூம் விளக்குல 415 ஏறி வெடிக்கும். கல்ஃப்ல வேலை பாத்துட்டு வந்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அங்க சில இடத்துல பிரிட்டிஷ் முறைல பிரவுன், கறுப்பு, கிரே ஃபேஸ், நீலம் நியூட்ரல், அந்த ஞாபகத்துல இங்க கறுப்பை ஃபேஸ்ல சேத்துடாதீங்க. பழைய கேபிள்ல கலர் வெளுத்திருந்தா மறுமுனையில ஒவ்வொரு கோரையா ஆர்மரோட ஷார்ட் பண்ணி கன்டினியூட்டியில கண்டுபிடிச்சு டேப் ஒட்டுங்க.

25 ஸ்கொயர் அலுமினியம் கம்பி அனேகமா வட்டமா இருக்காது, பீட்சா துண்டு மாதிரி முக்கோண வடிவமா அமுக்கியிருக்கும். ஃபெரூலோ வட்டம். சிலர் வெளிச் சுத்துல இருக்கிற கம்பியில ரெண்டை வெட்டிக் கழிச்சுட்டு உள்ள நுழைப்பாங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, 25 ஸ்கொயர் அந்த இடத்துல 18 ஆயிடும். கிரிம்பிங் டூல்ல ரவுண்டிங் டை (கம்பியை வட்டமாக்குற அச்சு) போட்டு முதல்ல வட்டமா அமுக்கிக்கணும், அப்புறம் நுழைக்கணும். 10 ஸ்கொயர் பக்கம் பல கேபிள்ல ஒத்தைக் கம்பியா இருக்கும், அது ஃபெரூல்ல லூஸா ஆடினா கம்பியை ரெண்டா மடிச்சு திணிக்கிறதும் கூடாது, ஒத்தைக் கம்பிக்கு ஏத்த ஃபெரூல் வாங்குங்க, இல்ல போல்ட் கனெக்டருக்குப் போங்க.

அலுமினியத்தை உரிச்ச உடனே மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு ஆக்சைடு படலம் வந்துடும், அது கரண்டை விடாது. அதனால முதல்ல காம்பவுண்டைத் தடவி, அந்தக் காம்பவுண்டுக்கு அடியிலேயே வயர் பிரஷ்ஷால தேய்ங்க, தேச்ச இடத்துல காத்து படாம காம்பவுண்டே மூடிக்கும். தேச்சதும் நேரா ஃபெரூல்ல நுழைங்க, டீ குடிச்சிட்டு வந்து நுழைக்காதீங்க. கம்பி ஃபெரூலோட நடு அடைப்பைத் தொட்டதான்னு பாத்துட்டு, அந்தந்தப் பக்கத்துக்கு அந்தந்த சைஸ் டையைப் போட்டு, நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஒவ்வொரு பக்கமும் ரெண்டு கிரிம்ப். டை ரெண்டும் முட்டுற வரைக்கும் அமுக்கணும். 25 பக்கம் அடிச்ச டையோட அப்படியே 10 பக்கமும் அடிச்சா அது கிரிம்பே இல்ல, இழுத்தா கையோட வரும். ரெட்யூசிங் ஃபெரூல்ல எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். சுத்தியலால தட்டி சப்பை ஆக்குறது, கட்டிங் பிளேயரால நசுக்குறது எல்லாம் பேச்சுக்கே இடமில்ல. அடிச்சு முடிச்சதும் நல்லா இழுத்துப் பாருங்க, பிசிறை அரத்தால தேய்ங்க, கூர் முனை இன்சுலேஷனைக் குத்தும். அப்புறம் கிட்ல வர்ற டியூபோ டேப்போ ஒவ்வொரு கோருக்கும் தனியா.

ஆர்மர், எல்லாரும் விட்டுடுற இடம்

நாலு கோரும் சேந்துடுச்சு, மோட்டார் ஓடும், அத்தோட எல்லாரும் எழுந்து போயிடுறாங்க. ஆர்மர் இந்தப் பக்கம் அறுந்து நிக்குது, அந்தப் பக்கம் அறுந்து நிக்குது. ஜேசிபில இருந்து கேபிளைக் காப்பாத்த மட்டும் அதைப் போடல, அதுதான் மோட்டார் ரூமுக்குப் போற எர்த் வழி. விட்டுட்டா ஜாயின்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற 50 மீட்டர் ஆர்மர், ஸ்டார்ட்டர் பாடி, மோட்டார் பாடி, பைப் எல்லாத்துக்கும் மெயின் போர்டோட தொடர்பே இல்ல. உள்ள ஒரு கோர் ஆர்மரைத் தொட்டாலும் எம்சிசிபி விழாது, பைப் முழுக்க சப்ளை நிக்கும், தண்ணி திறந்து விடப் போறவங்க வெறுங்காலோட ஈர மண்ணுல நிப்பாங்க. ஜாயின்ட்ல மத்த தப்புல அனேகமா மோட்டார்தான் நிக்கும், இந்தத் தப்புல உயிரே போகலாம்.

பண்றது இப்படி. ரெண்டு பக்கமும் விட்டு வச்ச ஆர்மர் துண்டை அரத்தால தேச்சு பளபளப்பாக்குங்க. ஆர்மருக்கு அடியில ஸ்டீல் சப்போர்ட் ரிங்கைச் சொருகுங்க, தடி கேபிளுக்குப் பெரிய ரிங், ஒல்லிக்குச் சின்னது, சைஸ் மாறுற ஜாயின்ட்ல ரெண்டும் வேற வேறதான். ஆர்மர் மேல பிரைடை விரிச்சு வச்சு, மேல ஜூபிளி கிளிப் போட்டு முறுக்குங்க. ரிங் இல்லாம முறுக்கினா அடியில இருக்கிற பிவிசி மெத்து மெத்துன்னு இருக்கிறதால இப்ப இறுக்கமாத் தெரியும், ஆறு மாசத்துல பிவிசி அமுங்கி கிளிப் லூஸ் ஆயிடும். பிரைடு கோர் ஃபெரூல்களை ஒட்டாம மோல்டு ஓரமாப் போகட்டும். எந்த சைஸ் பிரைடுன்னா கிட்டோட தாள்ல சொன்னது, அதுக்குக் குறையக் கூடாது, தலைமுடி மாதிரி ஒத்தை வயரை சுத்தி விடுறது ஏமாத்து வேலை. கேபிள் கூட 8 கேஜ் ஜிஐ கம்பி ஓடுச்சுன்னா அதையும் தனியா சேத்துடுங்க, அது இருக்குங்கிறதுக்காக ஆர்மரை விட்டுடாதீங்க.

அப்படியும் 300 மீட்டர் தூரத்துக்கு ஆர்மர் வழியா வர்ற எர்த் ஃபால்ட் கரண்ட் குறைவாத்தான் இருக்கும், எம்சிசிபியை மட்டும் நம்ப முடியாது. மெயின் போர்டுல ஒரு நாலு போல் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிஞ்சா விழுற பிரேக்கர்), 100 மில்லிஆம்ப்ஸோ 300 மில்லிஆம்ப்ஸோ, வச்சுடுங்க. இது கேபிள் ஜாயின்ட் செலவுல சேராதுன்னு நினைக்கிறவங்க கிட்ட நான் வாதாட மாட்டேன், வச்சிட்டு வாங்கன்னு மட்டும் சொல்வேன்.

ரெசின்

ஊத்துறதுக்கு முன்னாடியே ஒரு மெகர், ஒரு கன்டினியூட்டி. ஊத்தின அப்புறம் பிரிக்க முடியாது, அறுத்து எறிய வேண்டியதுதான். மோல்டு ரெண்டு முனையையும் அதது கேபிளுக்கு அறுத்து, மாட்டி, ஓட்டையில டேப்போ புட்டியோ வச்சு அடைங்க. மோல்டு மட்டமா இருக்கட்டும், கோர்கள் ஒண்ணோட ஒண்ணும் மோல்டு சுவரோடயும் ஒட்டாம நடுவுல நிக்கட்டும். ரெசின் பை நடுவுல இருக்கிற தடுப்பை எடுத்துட்டு தாள்ல போட்ட நேரம் வரைக்கும் பிசையுங்க, நிறம் ஒரே சீரா வரணும், கோடு கோடாத் தெரிஞ்சா இன்னும் கலக்கல. கையுறை போட்டுக்கோங்க, கலந்ததும் சூடாகும். நம்ம வெயில்ல சீக்கிரமே கெட்டியாக ஆரம்பிச்சிடும், அதனால பையை முன்னாடியே வெயில்ல வைக்காதீங்க, கலந்ததும் போனை எடுக்காதீங்க. ஒரு பக்க வாய்ல இருந்து மட்டும் மெதுவா ஊத்துங்க, காத்து அந்தப் பக்கமா வெளிய போகும். ரெண்டு பக்கமும் ஊத்தினா நடுவுல குமிழி மாட்டிக்கும். நிரம்பினதும் கொஞ்சம் இறங்கும், மிச்சத்தை ஊத்துங்க, கெட்டியாகிற வரைக்கும் கேபிளை அசைக்காதீங்க.

டெஸ்ட், மூடுறது

கெட்டியானதும் 1000 வோல்ட் மெகர். மோட்டார், ஸ்டார்ட்டர், ஆர்சிசிபி எல்லாம் கழட்டின நிலைல ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், எல்லாத்துக்கும் ஆர்மருக்கும். புது ஜாயின்ட் பத்து, நூறு மெகாஓம்னு காட்டணும், 1 மெகாஓமுக்குக் கீழ வந்தா சார்ஜே பண்ணக் கூடாது. பாத்து முடிச்சதும் கோரை ஆர்மரோட தொட்டு டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத்தான் கை வைங்க, 300 மீட்டர் கேபிள் உள்ள சார்ஜை வச்சுக்கிட்டு நிக்கும், நல்லா சுள்ளுன்னு அடிக்கும். அடுத்து மோட்டார் ரூம்ல ஒரு ஃபேஸையும் ஆர்மரையும் ஷார்ட் பண்ணி மெயின் போர்டுல மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க. ரெண்டு மூணு ஓமுக்குள்ள நிலையா காட்டினா ஆர்மர் சேந்திருக்கு. கேபிளை அசைக்கும்போது குதிச்சா கிளிப் எங்கயோ லூஸ்.

அடியில 7, 8 சென்டிமீட்டர் சலிச்ச மணல், ஜாயின்ட், மேல மறுபடி மணல், அதுக்கு மேல வரிசையா செங்கல், பாதி மண்ணு, மஞ்சள் வார்னிங் டேப், மிச்ச மண்ணு. கல்லோட மண்ணை நேரா ஜாயின்ட் மேல கொட்டாதீங்க. மூடுறதுக்கு முன்னாடி போன்ல ஃபோட்டோ எடுங்க, கிணத்து மூலையில இருந்து எத்தனை மீட்டர், பக்கத்துத் தென்னையில இருந்து எத்தனை மீட்டர்னு டேப் புடிச்சு எழுதிக்கோங்க, ஒத்தை மரத்தை மட்டும் அடையாளம் வச்சா அது விழுந்தா போச்சு. மேல ஒரு சின்ன சிமென்ட் கல்லு நட்டு வைங்க.

கடைசியா மெயின் போர்டு கதவு உள்பக்கம் பெயின்ட்லயோ மார்க்கர்லயோ பெருசா எழுதுங்க: "கடைசி 50 மீட்டர் 10 ஸ்கொயர். 40 ஆம்ப்ஸுக்கு மேல போடாதே. ஜாயின்ட் கிணத்துக்குக் கிழக்க." நாலு வருஷம் கழிச்சு 15 ஹெச்பி மோட்டார் மாட்ட வர்ற எலக்ட்ரீஷியன் இந்த முனையில 25 ஸ்கொயரை மட்டும்தான் பாப்பார், பாத்துட்டு 63ஐத் திருப்பி மாட்டிட்டுப் போயிடுவார்.